வீழ்ந்தவன் பெயர் என்ன?

2025 ஆகத்துத் திங்களில் ‘கேப்டன் பிரபாகரன்’ மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்தது. 1991-இல் வெளிவந்த படம் அது. முப்பத்து நான்கு ஆண்டு கழித்துக் கறை துடைத்து, ஒலி கூட்டி, புதுப் பதாகை கட்டி அதைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ‘கில்லி’ வந்தது. இப்படங்களைக் கண்டு களித்தவருள் பலர், இவை முதன்முதல் ஓடிய காலத்தில் பிறந்திராதவர்கள். நாடே காணொளி நாடாவில் படம் பார்த்திருந்த காலத்துச் சண்டைப் படங்களை இன்றைய இளைஞர் தேடித் தேடி எடுக்கின்றனர், ‘புதையல்’ என்கின்றனர், உரையாடலை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர், எந்தச் சண்டை எந்தப் படத்தில் எத்தனையாவது மணித்துளியில் வருகிறது என்று வழக்காடுகின்றனர்.

தனித்தமிழ் அன்பர் சிலருக்கு இதைக் கேட்டவுடனே மூக்குச் சிவக்கும். “திரைப்படத்தால் தமிழன் கெட்டது போதாதா? செத்துப்போன சண்டைப் படத்துக்கு மறுபிறப்பு வேறா?” என்பர். இச்சினம் பாதி வெந்த சோறு. தமிழன் தன் பழம்பொருளைத் தோண்டுவது குற்றமாகாது. ஓலைச்சுவடியைத் தோண்டியவனும் தமிழன்தான். கேட்கவேண்டிய கேள்வி வேறு. இத்தனை தோண்டியும் இவர்கள் எடுத்தது எது? முன்பே ஊரெங்கும் ஒட்டப்பட்டிருந்த அதே கதைத்தலைவனின் முகம். ஓடும் தொடர்வண்டியின் கூரையிலிருந்து உருண்டவன் யார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவன் யார், தீப்பற்றிய உடையோடு ஓடியவன் யார் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

இதனைச் சவ்வாது மலையிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

கிழக்கே போளூர், தெற்கே செங்கம், மேற்கே திருப்பத்தூரும் ஆலங்காயமும், வடக்கே அமிர்தி. நடுவே சாமையும் பலாவும் தேனும் விளையும் மலை. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது வண்ணத் தொலைக்காட்சி இந்நாட்டுக்குள் நுழைந்தது. சப்பானியர் 1976-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நாடாப் பொறியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்தோறும் வந்து சேர்ந்தது. இதனை ஒழுங்குபடுத்தவென்றே தமிழ்நாட்டரசு 1984-இல் ஒரு தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று என்றால், அது எவ்வளவு விரைவாகப் பரவியிருக்கும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். அடிவாரத்து ஊர்களில் கடைகள் தோன்றின. பெட்டி, பொறி, நாடா மூன்றும் ஓரிரவுக்குக் கூலிக்குக் கிடைக்கும். காதணி விழாவாயினும் மஞ்சள்நீராட்டாயினும் அம்மன் திருவிழாவாயினும் விடிய விடிய மூன்று படம். மின்கம்பி எட்டாத ஊருக்கு மின்னாக்கியும் உடன்போகும். முதற்படம் முதியோர்க்காகக் கடவுள் படம். இரண்டாவது பெண்டிர்க்காகக் குடும்பப் படம். குழந்தைகள் பாயில் சாய்ந்தபின், பனி இறங்கும் நேரத்தில், மூன்றாவது. அது எப்போதும் சண்டைப் படம்.

புரூசு லீ 1973 சூலையிலேயே இறந்துபோனார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் தமிழகத்துச் சிற்றூர்த் திடல்களில் அவர் உயிரோடு உதைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஆங்கிலம் அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இல்லை. முன்பே படம் பார்த்த ஒருவன் பெட்டிக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, “இவன்தான் தங்கச்சியைக் கொன்னவன், இப்பப் பாரு” என்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். எந்தப் பல்கலைக்கழகமும் பயிற்றாத மொழிபெயர்ப்பாளன் அவன். அவனுக்கும் பெயர் எழுதுவாரில்லை.

இங்கே தமிழ்ப் புலவர்மீது ஒரு குற்றத்தைச் சாற்றித்தான் ஆகவேண்டும். அந்தப் பொறிக்கு மக்கள் ‘டெக்’ என்றனர். நாடாப் பெட்டிக்குக் ‘கேசட்’ என்றனர். வேறு என்ன சொல்வர்? பொருள் ஊருக்குள் வரும் நாளில் சொல்லும் உடன் வந்திருக்கவேண்டும். பேழை என்னும் அழகிய சொல் தமிழில் இருந்தது. ஒலிப்பேழை, ஒளிப்பேழை என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். அச்சொற்கள் கடைப்பலகைக்கு வந்துசேருமுன் நாடாவின் காலமே முடிந்துவிட்டது. சொல் கொடுக்கவேண்டியவர்கள் திடலுக்கு வராமல், திண்ணையிலேயே அமர்ந்து, “இளைஞர் கெட்டனர்” என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தனர். மக்கள் கூடுமிடத்தை இழிவென்று ஒதுக்கியவர், அங்கே வேற்றுச்சொல் குடியேறிவிட்டதென்று பின்னர்ப் புலம்புவதில் பயனென்ன?

சரி, அந்த மூன்றாவது படம் முழுவதும் வேற்றுநாட்டுச் சரக்கா? இல்லை. இன்றைய இளைஞர் ‘மேற்கத்தியப் படத்தின் தமிழ்ப்படி’ என்று சிரித்துக்கொண்டே பாராட்டுகிற காலம் வெல்லும் (1970), கங்கா (1972), சக்கம்மா (1972) முதலியவற்றை எடுத்தவர் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன். குதிரையும் தொப்பியும் அமெரிக்கக் கடன்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குதிரைமேலிருந்து மண்ணில் விழுந்த முதுகு தமிழன் முதுகு. சேலம் மாடர்ன் தியேட்டர்சு எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் வந்தது. செய்சங்கர் நடித்த அப்படத்தில் சண்டைப் பயிற்சியாளராய் வெளிப்பட்டவர் இரத்தினம். ஊர், குடியாத்தம். சவ்வாது மலையின் வடமுனையிலிருந்து பாலாற்றைக் கடந்தால் எட்டிவிடும் ஊர். 1959-இல் ‘தாமரைக்குளம்’ என்னும் படத்தில் நடிகராய்த் தலைகாட்டியவர், பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்தார். 1980-இல் வந்த ‘முரட்டுக்காளை’யில் தொடர்வண்டிமேல் நிகழும் சண்டை அவர் அமைத்தது, இன்றைக்கும் அதைக் காட்டி வியப்பவர் உண்டு. 2023 சனவரி 26-இல் அதே குடியாத்தத்தில் மறைந்தார்.

இவரை நாடு எப்பெயரால் அறிந்தது? ‘சூடோ’ இரத்தினம். சூடோ என்பது சப்பானிய மற்கலை. இவருக்குப் பின் வந்தவர் பெயர்களையும் பார்க்கவேண்டும்: ‘சாகுவார்’ தங்கம், ‘இராம்போ’ இராச்குமார். சாகுவார் என்பது தென்னமெரிக்கக் காட்டுச் சிறுத்தை இனம். இராம்போ என்பவன் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் 1972-இல் எழுதிய புதினத்து மாந்தன். அப்பெயரோ, அவர் மனைவி வாங்கிவந்த ஆப்பிள் வகையின் பெயராம்! புலியும் வேங்கையும் உலவிய நாட்டில், சிலம்பமும் அடிமுறையும் மற்போரும் வழங்கிய நாட்டில், மறவனுக்கு அடைமொழி தேடி அமெரிக்கப் பழத்தோட்டம்வரை போயிருக்கிறார்கள். ஆம்பூர் பாபு என்றொரு சண்டைப் பயிற்சியாளரும் அந்நாளில் இருந்தார். அவர் பெயருக்கு முன்னே சொந்த ஊராவது நின்றது. இவ்வடைமொழிகளைச் சூடியவர்மேல் பழி இல்லை. பிழைப்புத் தேடிவந்த இளைஞனுக்குப் படவுலகம் எதை ஒட்டியதோ அதுவே ஒட்டிக்கொண்டது.

இந்த அடைமொழிகள்கூடப் பொறுக்கத்தக்கவை. பொறுக்கவொண்ணாத சொல் ஒன்று உண்டு. அது ‘டூப்’.

தலைவனுக்காக மாடியிலிருந்து குதிப்பவனை டூப் என்கின்றனர். போலி என்பது அதன் பொருள். யார் போலி? குதிப்பதுபோல் முகத்தைக் காட்டிவிட்டு, ‘வெட்டு’ என்றதும் குடைநிழலில் போய் அமர்பவன் மெய்யான மறவன். உண்மையாகவே குதித்து, உண்மையாகவே எலும்பு முறிந்து, உண்மையாகவே மருத்துவமனையில் கிடப்பவன் போலி! ஒரு சொல்லுக்குள் இத்தனை பெரிய பொய்யை அடைத்து வைத்த இன்னொரு தொழில் உலகில் உண்டோ என்பது ஐயமே. அவன் தன் மெய்யை இன்னொருவன் மெய்க்கு ஈடாக வைப்பவன். மெய்யீட்டாளன் என்று சொல்லட்டும். மெய் என்றால் உடம்பும் ஆகும், உண்மையும் ஆகும். இரண்டும் அவனுக்குப் பொருந்தும். இதனினும் நல்ல சொல்லை எவரேனும் ஆக்கித் தந்தால் இதைக் கைவிடுவதில் இழுக்கில்லை. டூப்பைக் கைவிடாமலிருப்பதே இழுக்கு.

பேழைக்காலப் படங்களின் தொடக்கத்தில் ஓடும் பெயர்வரிசையை நிறுத்திப் பார்க்கலாம். பாட்டெழுதியவர் பெயர், முடி அலங்கரித்தவர் பெயர், நிழற்படம் எடுத்தவர் பெயர் எல்லாம் வரும். சண்டைப் பயிற்சி என்று ஆசான் பெயர் வரும். அதன்பின் பெரும்பாலான படங்களில் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப்பேரோ முப்பதுபேரோ புதைந்து கிடக்கின்றனர்.

இதே மண்ணில், இதே மலையடிவாரத்தில், ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் சண்டையில் வீழ்ந்தவனுக்கு என்ன செய்தனர் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தம்.

செங்கத்தைச் சுற்றியுள்ள நடுகற்களைத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் தேடித் தொகுத்தது. துறைத் தலைவராய் இருந்தவர் இரா. நாகசாமி, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. அக்கற்களில் காணப்படுவது என்ன? எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு; வீழ்ந்தவன் யாருடைய ஆள்; எந்த ஊர்; எதற்காகப் போரிட்டான்; அவன் பெயர். எல்லாம் சில வரிகளில், அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே. போர் பெரும்பாலும் ஆநிரை பற்றியது. பேரரசனின் வெற்றிக்கல் அன்று. மாட்டுமந்தையின் பின்னே ஓடி அம்புபட்டு விழுந்த ஊர்க்காரனின் கல்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமை நிரைக்காகப் பொருது மாண்டான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. அந்த நாயையும் கல்லில் செதுக்கினர். செதுக்கியதோடு நில்லாமல், அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தனர்.

நாயின் பெயரை எழுதியிருக்கிறான் தமிழன்! அவன் வழிவந்தவர் எடுத்த படத்தில் மனிதனின் பெயர் இல்லை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. நிரையை மீட்கப்போய் வீழ்ந்தவனுக்கு மட்டுமன்று, நிரையைக் கவரப்போய் வீழ்ந்தவனுக்கும் கல் நட்டனர். வெட்சியானும் மறவன், கரந்தையானும் மறவன். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளை வகுத்த தொல்காப்பியம் இவ்வழக்கின் பழமைக்குச் சான்று. இதே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழிச்செல்லும் கூத்தரை அங்குள்ள நடுகற்களை வணங்கிச் செல்லுமாறு சொல்கிறது. இன்றும் செங்கம், தருமபுரிப் பக்கங்களில் பல நடுகற்கள் வேடியப்பனாய் நின்று பொங்கல் ஏற்கின்றன. எழுத்தைப் படிக்கத் தெரியாத காலத்திலும் மக்கள் கல்லைக் கைவிடவில்லை.

“அது மெய்ச்சாவு, இது நடிப்பு, இரண்டையும் ஒப்பிடலாமா?” என்று கேட்பவர் உண்டு. நடிப்பா? 2024 சூலையில் சென்னைப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் ஏறத்தாழ இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார் ஏழுமலை என்னும் சண்டைக் கலைஞர். 2025 சூலை 13-இல் நாகப்பட்டினம் அருகே மகிழுந்தைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் உயிரிழந்தார் எசு. எம். இராசு எனப்பட்ட மோகன்ராசு. கன்னட நாட்டில் 2016 நவம்பர் 7-இல் உலங்கூர்தியிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த மூவருள் தலைவன் கரையேறினான். அனில், உதய் என்னும் இருவர் மூழ்கினர். இவை இன்றைய செய்தித்தாளில் இடம்பெற்றதால் பெயர் தெரிந்த சாவுகள். பேழைக்காலத்தில் காப்புவலை ஏது, கணினி ஏது? அட்டைப் பெட்டிகளும் வைக்கோலும் பழைய மெத்தையுமே காப்பு. அக்காலத்தில் முறிந்த இடுப்புக்கும் கழன்ற தோளுக்கும் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

அமெரிக்கத் திரைப்படக் கழகம் தன் பெருமைக்குரிய விருது வரிசையில் சண்டை அமைப்புக்கும் ஓர் இடம் தருவதாக 2025 ஏப்பிரலில்தான் அறிவித்தது. அதுவும் 2028-இல் தான் நடைமுறைக்கு வரும். நூறாண்டுக்குப் பின் விழித்தனர். இந்திய அரசின் திரைப்பட விருதில் இப்பிரிவு 2017-இலேயே சேர்ந்துவிட்டது. விருது ஆசானுக்குப் போகும், போகட்டும். குழுவினர் குழுவினராகவே இருப்பர்.

இனிக் ‘கேப்டன் பிரபாகரனு’க்கே மீண்டும் வரவேண்டும். காட்டில் சந்தன மரம் கடத்தும் ஒருவனையும் அவனை வேட்டையாடும் அலுவலனையும் பற்றிய கதை அது. அதில் கடத்தற்காரனின் ஆட்களாய் வருவோர் கணக்கின்றிச் சுடப்பட்டு வீழ்கின்றனர். அவர்களுக்குக் கதையிலும் பெயரில்லை, பெயர்வரிசையிலும் பெயரில்லை. இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கப் பார்க்க, காட்டில் சுடப்பட்டு வீழ்பவன் பெயரற்றவன் என்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. 2015 ஏப்பிரல் 7-இல் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர் என்று அந்நாட்டு அதிரடிப்படை இருபது தமிழரைச் சுட்டு வீழ்த்தியது. திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டத்தினர். அவருள் சவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்து கூலிக்குப் போன மலைமக்களும் இருந்தனர். அவர் செய்தது குற்றமா என்று ஆய்வது அறமன்றத்தின் பணி. சுட்டவர் செய்தது குற்றமா என்று ஆய்வதும் அதன் பணியே. ஆனால் தமிழகத்தில் அந்த இருபதின்மரில் ஒருவர் பெயரையாவது சொல்லத்தெரிந்தவர் எத்தனை பேர்? ‘இருபது பேர்’ என்ற எண்ணே நின்றது, ‘குழுவினர்’ என்பதுபோல. கவரப்போனவனுக்கும் கல் நட்ட மலையடிவாரத்து மக்களுக்கு நேர்ந்த நிலை இது.

2004, 2005-ஆம் ஆண்டுகளில் படப்பெயர்கள் தமிழில் இருக்கவேண்டுமென்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. பல படமுதலாளிகளுக்கு ஒரே இரவில் தமிழ்ப்பற்றுப் பொங்கியதையும் நாடு கண்டது. அக்கிளர்ச்சி முறையானதே. ஆயினும் பதாகையில் உள்ள ஒரு பெயருக்காகத் தெருவுக்கு வந்தவர்கள், பதாகைக்குள் இல்லாத நூறு பெயர்களுக்காக வரவில்லை. வரிவிலக்கு என்னும் கயிறு அரசின் கையில் இருந்தபோதே, “சண்டைக் கலைஞர் ஒவ்வொருவர் பெயரும் பெயர்வரிசையில் வரவேண்டும்” என்றும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கலாம். அரசின் படமானியமும் விருதும் இன்றும் உள்ளன. அம்முடிச்சை அங்கே போடலாம்.

பழைய படத்தை மீண்டும் வெளியிடுகிறவர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கறையைத் துடைக்கவும் ஒலியைக் கூட்டவும் பொருள் செலவிடுகின்றனர். புதுப்படியில் நான்கு நிமையம் கூட்டி, அன்று விடுபட்ட பெயர்களைச் சேர்த்தால் படம் கெட்டுவிடாது. ‘குழுவினர்’ என்ற சொல்லைத் துடைப்பதும் கறை துடைப்பதே.

இளைஞர் தேடட்டும், ஆனால் விரைந்து தேடட்டும். நாடாக்கள் பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. நாடாப் பொறி செய்துகொண்டிருந்த கடைசிச் சப்பானிய நிறுவனமும் 2016 சூலையோடு அப்பணியை நிறுத்திவிட்டது. நாடாவினும் விரைவாக அழிவது நினைவு. அன்று இருபது அகவையில் குதித்தவர்க்கு இன்று அறுபதும் எழுபதும். குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கங்களிலிருந்து சென்னைக்கு வண்டியேறிச் சண்டைக் குழுக்களில் சேர்ந்தவர் இருப்பின், ஊர்த் தமிழ்மன்றங்கள் அவர்களைத் தேடிப் போகவேண்டும். கவியரங்குக்கு ஒதுக்கும் மாலைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். படத்தை ஓட்டி, பெயர்வரிசையில் ‘குழுவினர்’ என்று வருமிடத்தில் நிறுத்தி, அங்கே இருந்தவர் யார் யார், எந்த ஊர், எந்தக் காட்சியில் விழுந்தார், எங்கே அடிபட்டது என்று அந்த முதியவரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது, படம் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வேலைதான்.